ஐந்து வருடத்தில் 730 நாள்: ஊரில் இருந்துகொண்டு கனடா பி.ஆரைக் காப்பாற்றுவது எப்படி

போன மாதம் மதுரையிலிருந்து ஒரு நண்பர் வாட்ஸப்பில் கூப்பிட்டார். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று 2 வருடத்துக்கு முன்னால் ஸ்கார்பரோ வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனவர். "கார்டுல இன்னும் ஏழு மாசம் டைம் இருக்கு, அதுக்குள்ள வந்து ரினியூ பண்ணிக்கிறேன்" என்றார். ஊருக்குப் போன தேதி, வந்த தேதி எல்லாவற்றையும் கேட்டுக் கூட்டிப் பார்த்தேன். அவருக்கு மிச்சம் இருந்தது ஏழு மாதம் இல்லை, ஐந்து வாரம்.

இந்தக் குழப்பம் அவருக்கு மட்டும் வருவதில்லை. பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) கார்டில் ஒரு காலாவதித் தேதி இருக்கிறது, அதனால் பி.ஆரே அந்தத் தேதி வரை உயிரோடு இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். கார்டு வேறு, அந்தஸ்து வேறு. கார்டு காலாவதியானாலும் பி.ஆர். தானாகப் போய்விடாது. அதேபோல, கார்டில் இரண்டு வருடம் மிச்சமிருந்தும் நாள் கணக்கில் நீங்கள் தோற்றுப் போயிருக்கலாம். ஊருக்குப் போய்க் கொஞ்ச காலம் இருக்க வேண்டிய நிலையில் உள்ளவர்களுக்கு, முக்கியமாகப் புதிதாக லேண்டிங் (பி.ஆராக முதல்முறை கனடாவில் பதிவாவது) முடித்தவர்களுக்கு, எந்த வரிசையில் எதைச் செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

கனடாவின் குடிவரவுச் சட்டத்தில் 28ஆம் பிரிவு சொல்வது இவ்வளவுதான்: எந்த 5 வருடத்தை எடுத்துக்கொண்டாலும் அதில் 730 நாள் உங்கள் கணக்கில் இருக்க வேண்டும். தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை, விட்டு விட்டு இருக்கலாம். ஒரு நாளில் பத்து நிமிடம் கனடா மண்ணில் இருந்தாலும் அது முழு நாள். இறங்கிய நாளும் கணக்கு, கிளம்பிய நாளும் கணக்கு. காலையில் நயாகரா தாண்டி அமெரிக்கப் பக்கம் போய் ராத்திரி திரும்பினால் அந்த நாளும் கனடா நாள்தான்.

லேண்டிங் ஆகி 5 வருடம் முடியாதவர்களுக்கும் முடிந்தவர்களுக்கும் கணக்குப் போடும் விதம் வேறு. முடியாதவர்களிடம் குடிவரவு ஆபீசர் பார்ப்பது, "5 வருடம் முடிவதற்குள் 730ஐ எட்ட இவரால் முடியுமா?" என்பதை. முடிந்தவர்களுக்கு, அவர் உங்களைப் பார்க்கும் நாளிலிருந்து பின்னோக்கி 5 வருடம், அவ்வளவுதான். அதற்கு முன்னால் நீங்கள் பத்து வருடம் டொரான்டோவை விட்டு நகராமல் இருந்திருந்தாலும் கணக்கில் வராது.

ஒரு உதாரணத்தை நாள் நாளாகப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 2021 ஜூலை 1 அன்று சாஃப்ட் லேண்டிங் செய்கிறார், அதாவது பி.ஆரைப் பதிவு செய்ய மட்டும் வந்துபோகிறார். ஜூலை 21 அன்று சென்னைக்குத் திரும்பிவிடுகிறார். கம்பெனியில் வேலை பாக்கி. கையில் 21 நாள். 2022 செப்டம்பர் 1 அன்று குடும்பத்தோடு வந்து இறங்கி, 2024 மே 31 வரை இருக்கிறார். அது 639 நாள் (2024 லீப் வருடம், பிப்ரவரி 29ஐ விட்டுவிடாதீர்கள்). மொத்தம் 660. அப்புறம் ஊருக்குப் போய்விடுகிறார்.

இவருடைய முதல் 5 வருடம் 2026 ஜூன் 30 அன்று முடிகிறது. இன்னும் 70 நாள் வேண்டும். அப்படியானால் 2026 ஏப்ரல் 22க்குள் வந்து இறங்கியாக வேண்டும்: ஏப்ரலில் 9, மே 31, ஜூன் 30, சரியாக 70. மே 1 அன்று வந்தால் 61 நாள்தான் கிடைக்கும், மொத்தம் 721. 5 வருடம் இன்னும் முடியவில்லையே என்று வாதாட முடியாது. இனி எட்டவே முடியாது என்பது ஏர்போர்ட்டிலேயே தெரிந்துவிடுகிறது, நாள் குறைவு என்று ஆபீசர் அங்கேயே ரிப்போர்ட் எழுதலாம் (பி.ஆரைப் பறிக்கும் நடவடிக்கையின் முதல் படி அது). ஆனால் இவர் கையில் இருக்கும் கார்டு, லேண்டிங்குக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து அச்சானது. அதில் செப்டம்பர் 2026 என்று போட்டிருக்கும். அந்தத் தேதியை நம்பினால் தீர்ந்தது.

சரி, ஏப்ரல் 22 அன்றே வந்துவிட்டார், 730 ஆகிவிட்டது என்று ஜூன் 30 ராத்திரியே மறுபடி சென்னைக்கு விமானம் ஏறினால்? ஜூலை 1 முதல் அந்த 5 வருட ஜன்னல் நகர ஆரம்பிக்கும். பின்பக்கத்தில் 2021 ஜூலையின் அந்த 21 நாளும் ஒவ்வொன்றாகக் கழன்று விழும், முன்பக்கத்தில் புது நாள் சேராது. ஜூலை 22 அன்று எண்ணினால் 709. பழைய கார்டை ரினியூ செய்து புதுக் கார்டு வாங்கியிருந்தாலும் இதுதான் கதை. புதுக் கார்டு வந்தால் மீட்டர் பூஜ்யத்துக்குப் போய் மறுபடி ஓடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி எதுவும் கிடையாது.

இன்னொன்று. பி.ஆருக்கு முன்னால் ஸ்டூடன்டாகவோ ஒர்க் பெர்மிட்டிலோ இருந்த நாட்கள் இந்த 730ல் சேராது. குடியுரிமைக்கான 1,095 நாள் கணக்கில் அவை அரை நாளாக, அதிகபட்சம் 365 வரை சேரும். இரண்டு கணக்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம்.

தேதிகளைப் பதிவு செய்யுங்கள்

ஊருக்குக் கிளம்புவதற்கு முன்பே ஒரு எக்செல் ஷீட் போடுங்கள். கிளம்பிய தேதி, திரும்பிய தேதி, எந்த ஊர், எதற்கு என்று நான்கு கட்டம் போதும். கார்டு ரினியூவல் ஃபாரம் 5444இல் கடந்த 5 வருடத்தில் கனடாவுக்கு வெளியே இருந்த ஒவ்வொரு பயணத்தையும் கேட்பார்கள். அன்றைக்கு உட்கார்ந்து யோசித்தால் ஞாபகம் வராது. எனக்கு வரவில்லை. அமெரிக்காவில் பஃபலோவுக்குக் கல்யாணத்துக்குப் போன ஒரு சனி, ஞாயிறை மறந்தே போயிருந்தேன். மனைவியின் போனில் இருந்த போட்டோவின் தேதியைப் பார்த்துத்தான் சேர்த்தேன்.

பாஸ்போர்ட் முத்திரையை மட்டும் பார்த்து எழுதுவது ஆபத்து. 5ஆம் தேதி ராத்திரி டொரான்டோவில் ஏறி, நடுவில் ஓரிடத்தில் மாறி, 7ஆம் தேதி விடிகாலை மீனம்பாக்கத்தில் இறங்குகிறீர்கள். முத்திரையில் 7 என்றிருக்கும். நீங்கள் கனடாவில் இருந்த கடைசி நாள் 5. முத்திரையை வைத்துக் கணக்குப் போட்டால் ஒவ்வொரு பயணத்திலும் இரண்டு நாளை உங்களுக்கு நீங்களே தானம் செய்துகொள்கிறீர்கள். அரசாங்கத்திடம் இருக்கும் தேதி அப்படி இருக்காது. விமானத்தில் வெளியேறுபவர்களின் விவரம் 2020 ஜூன் முதல் எல்லைச் சேவை நிறுவனமான சி.பி.எஸ்.ஏ.விடம் போகிறது. பி.ஆர். உள்ளவர்கள் தரைவழியாக அமெரிக்காவுக்குப் போவதும் வருவதும் 2013லிருந்தே பதிவாகிறது. உங்கள் பயணப் பதிவை நீங்களே விண்ணப்பித்து வாங்கிப் பார்க்கலாம், பிரைவசி சட்டத்தின் கீழ் கேட்டால் கட்டணம் இல்லை. ரினியூவலுக்கு முன்னால் அதை வாங்கி உங்கள் ஷீட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

போர்டிங் பாஸ், டிக்கெட் மெயில் இவற்றை ஒரே ஃபோல்டரில் போடுங்கள். பழைய பாஸ்போர்ட்டைத் தொலைக்காதீர்கள். கனடாவில் இருந்ததற்குச் சான்றாக வீட்டு வாடகை ஒப்பந்தம், டி4 (கம்பெனி தரும் சம்பள வரிச் சீட்டு), வரி மதிப்பீட்டு நோட்டீஸ், பிள்ளைகளின் பள்ளிக் கடிதம், வங்கி ஸ்டேட்மென்ட் எல்லாம் உதவும். அதிலும் கடையில் கார்டு தேய்த்த பதிவு பேசும். 'ஜெரார்ட் தெரு, மளிகை, 43 டாலர்' என்ற வரியை மதுரையில் உட்கார்ந்துகொண்டு உருவாக்க முடியாது.

வெளியே இருந்தும் கணக்கில் சேரும் நாட்கள்

நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான்.

முதல் வழி: கனடியக் குடிமகனான கணவனோடோ மனைவியோடோ வெளிநாட்டில் சேர்ந்து வாழ்வது. திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழும் துணைக்கும் இது பொருந்தும். யாழ்ப்பாணத்திலிருந்து ஸ்பான்சரில் வந்த மனைவி, கனடா பாஸ்போர்ட் வைத்திருக்கும் கணவரோடு துபாயில் மூன்று வருடம் இருந்தால் அந்த மூன்று வருடமும் அவருக்குச் சேரும். 22 வயதுக்குட்பட்ட, திருமணமாகாத பி.ஆர். பிள்ளை, கனடியக் குடிமகனான பெற்றோரோடு இருந்தாலும் அப்படியே. திருமணச் சான்றிதழ், இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், ஒரே முகவரிக்கு வந்த பில்கள் எல்லாம் வேண்டும். யார் யாரோடு போனார்கள் என்பதைக் கிளறும் ஆபீசர்களும் உண்டு: கணவர் கனடாவிலிருந்து கிளம்பியபோது கூடப் போனாரா, அல்லது மனைவி முன்பே அங்கே வாழ்ந்து கணவர் போய்ச் சேர்ந்துகொண்டாரா என்று. இரண்டாவது வகை என்றால் இந்த விதியை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

இதன் தலைகீழ் செல்லாது. பிள்ளை கனடாவில் பிறந்தது, கனடா பாஸ்போர்ட் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு அம்மா ஊரில் இருந்தால் அவருக்கு ஒரு நாளும் சேராது. "பிள்ளை சிட்டிசன், எனக்கு என்ன பயம்" என்று சொன்ன ஒரு தங்கைக்கு இதைப் புரியவைக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது.

இரண்டாவது வழி: கனடிய நிறுவனமோ, மத்திய அல்லது மாகாண அரசோ உங்களை முழுநேர வேலையில் வெளிநாட்டுக்கு அனுப்பியிருப்பது. 'அனுப்பியிருப்பது' என்பதைக் கவனியுங்கள். கனடாவில் தலைமை அலுவலகம் உள்ள ஒரு கம்பெனியின் சென்னை கிளையில், உள்ளூரில் ஆள் எடுத்தபோது நீங்கள் சேர்ந்திருந்தால் அது போதாது. வேலையின் ஒரு நிபந்தனையாக, கனடியக் கம்பெனி தன் வெளிநாட்டுக் கிளைக்கோ வாடிக்கையாளரிடமோ உங்களை நியமித்திருக்க வேண்டும். நிறுவனமும் கனடாவில் தொடர்ந்து நிஜமாக நடந்துகொண்டிருக்க வேண்டும். பி.ஆர். நாள் சேர்ப்பதற்காகவே மச்சான் பெயரில் பதிவு செய்த கம்பெனி செல்லாது. அதைத் தடுப்பதற்கென்றே விதியில் தனியாக ஒரு வரி உண்டு.

மேனேஜரிடம் கேட்டு, 'ஒர்க் ஃப்ரம் ஹோம்' என்று கோயம்புத்தூரில் உட்கார்ந்து டொரான்டோ கம்பெனிக்கு வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சம்பளம் கனடா டாலரில் வருகிறது, வரியும் போகிறது. ஆனாலும் கம்பெனி உங்களை அங்கே அனுப்பவில்லை, நீங்களாகப் போனீர்கள். அந்த நாட்களை நம்பித் திட்டம் போடச் சொல்ல மாட்டேன். வந்தால் லாபம் என்று வைத்துக்கொண்டு, கனடா மண்ணில் இருந்த நாட்களை மட்டும் எண்ணுங்கள்.

இப்படிக் கம்பெனி அனுப்பிய பி.ஆர். ஒருவரோடு கூட வாழும் பி.ஆர். கணவன் அல்லது மனைவி, பிள்ளைகளுக்கும் நாள் சேரும்.

கிளம்புவதற்கு முன் முடிக்க வேண்டியவை

புதிதாக லேண்டிங் ஆனவர்கள் 180 நாளுக்குள் ஒரு கனடா முகவரியைக் கொடுத்துவிட வேண்டும். முதல் கார்டு இலவசமாக வரும். தவறினால் 50 டாலர் கட்டித் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கார்டை வெளிநாட்டு முகவரிக்கு அனுப்ப மாட்டார்கள். இரண்டு வாரம் சாஃப்ட் லேண்டிங் செய்துவிட்டு, கார்டு கையில் வராமலே ஊருக்குப் போனவர்கள்தான் பிறகு யார் மூலமாவது அதை வரவழைக்கப் படாத பாடு படுகிறார்கள். முடிந்தால் கார்டு வரும்வரை இருங்கள். இல்லையென்றால் நம்பிக்கையான ஒருவரின் முகவரியைக் கொடுங்கள்.

லேண்டிங் தாளை (நீங்கள் பி.ஆர். ஆனதை உறுதி செய்யும் ஆவணம்) பத்திரமாக வையுங்கள். அது ஏன் என்று கீழே வரும்.

வரியும் ஹெல்த் கார்டும் தனித்தனிக் கணக்கு. ஒன்டாரியோவில் ஓஹிப் (மாகாண அரசின் மருத்துவக் காப்பீடு) தொடர, 12 மாதத்தில் 153 நாள் மாகாணத்தில் இருக்க வேண்டும். 730 நாள் சரியாக இருக்கிறது என்பதால் ஓஹிப்பும் சரியாக இருக்கிறது என்று பொருள் இல்லை.

திரும்பி வரும்போது

என் ஒரே பிடிவாதமான அறிவுரை: கார்டு காலாவதியாகும் முன் வந்துவிடுங்கள். கார்டு செல்லுபடியாக இருந்தால் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். இங்கே இறங்கியபின் எல்லை ஆபீசர் உங்களைப் பார்ப்பார். பி.ஆர். என்று உறுதியானால், நாள் குறைந்திருந்தாலும் நாட்டுக்குள் விட்டாக வேண்டும், அது உங்கள் உரிமை. கேள்வி கேட்கலாம், ரிப்போர்ட் எழுதலாம், எழுதாமலும் விடலாம்.

கார்டு காலாவதியாகிவிட்டால் சென்னை செக்-இன் கவுன்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். அப்புறம் வெளிநாட்டில் இருந்தபடியே 50 டாலர் கட்டி பி.ஆர். டிராவல் டாக்குமென்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதைத் தருவதற்கு முன் உங்கள் 5 வருடக் கணக்கை மேசையில் வைத்து ஒவ்வொரு நாளாகப் பார்ப்பார்கள். நாள் குறைந்திருந்தால் மறுப்புதான், அதுவும் நீங்கள் கனடாவுக்கு வெளியே இருக்கும்போதே.

ஒரு மாற்று வழி உண்டு. அமெரிக்க விசா கையில் இருந்தால், பஃபலோ அல்லது டெட்ராய்ட் வரை பறந்து, அங்கிருந்து சொந்தக்காரரின் காரில் எல்லையைத் தாண்டலாம். விமானம், பஸ், ரயில் கம்பெனிகள்தான் கார்டைக் கேட்கும் கட்டாயத்தில் இருப்பவை. சொந்தக் காரில் வருபவர் லேண்டிங் தாளும் பாஸ்போர்ட்டும் காட்டிப் பி.ஆர். என்று நிரூபித்தால் போதும். அந்தத் தாளைப் பத்திரப்படுத்தச் சொன்னது இதற்குத்தான்.

எல்லைக் கவுன்டரில் என்ன கேட்பார்கள்? "கடைசியாக எப்போது கிளம்பினீர்கள்? இவ்வளவு நாள் ஏன்? இனி இங்கே இருக்கப் போகிறீர்களா?" அவ்வளவுதான். நான் 14 மாதம் கழித்து வந்தபோது, ஷீட்டின் பிரிண்டையும் அப்பாவின் மருத்துவமனைத் தாள்களையும் ஒரு கவரில் வைத்திருந்தேன். அந்தப் பெண் ஆபீசர் முதல் பக்கத்தை மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டு, விரலால் தேதிகளின் மேல் ஒரு கோடு இழுத்து, "ஓகே, வெல்கம் ஹோம்" என்றார். கையில் எதுவுமே இல்லாமல் திணறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. பொய் மட்டும் வேண்டாம். உண்மையைத் திரித்துச் சொன்னது நிரூபணமானால் நாள் பிரச்சினை தவறான தகவல் பிரச்சினையாக மாறும், 5 வருடத் தடை வரை போகும்.

நாள் குறைந்துவிட்டால்

குறைந்த நாளோடு உள்ளே வந்துவிட்டீர்கள், ரிப்போர்ட் எதுவும் எழுதவில்லை என்றால், பேசாமல் இங்கேயே இருங்கள். 730 சேரும்வரை கார்டு ரினியூவலுக்குப் போடாதீர்கள், யாரையும் ஸ்பான்சர் செய்யாதீர்கள், வெளிநாடு போகாதீர்கள். இவற்றில் எதைச் செய்தாலும் யாராவது உங்கள் கணக்கைத் திறந்து பார்ப்பார்கள். கார்டு இல்லாமல் வேலை செய்யலாம், வரி கட்டலாம்.

ரிப்போர்ட் எழுதிவிட்டால் நிலைமை வேறு. அன்றோடு மீட்டர் நின்றுவிடும். அதற்குப் பிறகு கனடாவில் இருக்கும் நாட்கள், முடிவு உங்கள் பக்கம் வந்தால் ஒழியச் சேராது. வெளியேற்ற உத்தரவு வந்தால் 30 நாளுக்குள் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவில் அப்பீல் போட வேண்டும். வெளிநாட்டில் டிராவல் டாக்குமென்ட் மறுக்கப்பட்டால் 60 நாள். அப்பீல் முடியும்வரை நீங்கள் பி.ஆர்.தான். மறுக்கப்பட்டவர் முந்தைய 365 நாளில் ஒருமுறையாவது கனடாவில் இருந்திருந்தால், அப்பீல் போட்டபின் திரும்பி வருவதற்கு டிராவல் டாக்குமென்ட் கேட்டு வாங்கலாம். வருடத்துக்கு ஒருமுறையாவது பத்து நாள் வந்துபோகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்பீலில் பேசப்படுவது பெரும்பாலும் மனிதாபிமான அடிப்படை. எத்தனை நாள் குறைகிறது, ஏன் போனீர்கள், ஏன் அங்கேயே தங்கினீர்கள், முடிந்தவுடன் திரும்பினீர்களா, இங்கே என்ன வேர் இருக்கிறது, பாதிக்கப்படும் குழந்தை உண்டா என்று பார்ப்பார்கள். "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை" என்று சொன்னால் மட்டும் போதாது. டிஸ்சார்ஜ் சம்மரி வேண்டும், டாக்டரின் கடிதம் வேண்டும், கூடப் பிறந்த மற்றவர்களால் ஏன் பார்த்துக்கொள்ள முடியவில்லை என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். அம்மா இறந்து ஒன்றரை வருடம் கழித்தும் அங்கேயே இருந்திருந்தால் அந்த ஒன்றரை வருடத்துக்கும் தனியாகக் காரணம் கேட்பார்கள். இந்தக் கட்டத்தில் வக்கீலையோ, குடிவரவு ஆலோசகர்களுக்கான கல்லூரியில் (அவர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பின் பெயர் அது) பதிவு உள்ள கன்சல்டன்டையோ பாருங்கள். பதிவு இருக்கிறதா என்று அந்தக் கல்லூரியின் பட்டியலில் பெயரைப் போட்டு நீங்களே சரிபாருங்கள். "கார்டு இருக்கும்வரை கவலை இல்லை" என்று என் மனைவியிடம் 200 டாலர் வாங்கிக்கொண்டு சொன்னவர் அந்தப் பட்டியலில் இல்லை.

அம்மா, அப்பாவுக்கு பி.ஆர். வேண்டுமா?

கஷ்டப்பட்டு ஸ்பான்சர் செய்து பி.ஆர். வாங்கிக் கொடுப்போம். அவர்களுக்கோ மார்கழிக்கு ஊரில் இருக்க வேண்டும், கோயில் கொடைக்கு இருக்க வேண்டும், இங்கே குளிர் ஒத்துக்கொள்ளாது. அவர்களுக்கும் அதே 730தான், வயதுக்குச் சலுகை கிடையாது. நாங்கள் குடிமக்கள், ஆனால் எங்களோடு இருப்பதால் ஊரில் அவர்களுக்கு நாள் சேராது. அந்தச் சலுகை கணவன், மனைவிக்கும் பெற்றோரோடு இருக்கும் பிள்ளைக்கும் மட்டும்.

என் மாமனார் மூன்று குளிர்காலம் நாளை எண்ணி எண்ணி வந்துபோனார். நாலாவது தடவை, "நான் என்ன ஜெயில்லயா இருக்கேன், நாள் எண்றதுக்கு" என்றார். பி.ஆரைத் தானாக விட்டுக்கொடுக்கும் ஃபாரத்தைப் பூர்த்தி செய்து, பெற்றோருக்கான நீண்டகால விசிட்டர் விசாவான சூப்பர் விசாவுக்கு மாற்றினோம். அதில் ஒரு தடவை வந்தால் 5 வருடம் வரை தங்கலாம். ஓஹிப் கிடையாது, குறைந்தது 1 லட்சம் டாலருக்கு, ஒரு வருட மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும், அந்தச் செலவு கொஞ்சம் கடிக்கும். இப்போது அவர் சித்திரையில் வந்து ஐப்பசியில் போய்விடுகிறார். போகும்போது ஷீட்டில் எழுத நான் தேதி கேட்டால் சிரிக்கிறார்.